வாயைத் திறந்தாலே தெரியும்

ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவரின் கன்னத்தில் இன்னும் கத்தி படவில்லை. ஆனால் சர்ஜன் அணிந்திருக்கும் கண்ணாடி வழியே பார்த்தால், அந்தக் கன்னத்தின் மீதே உள்ளிருக்கும் தாடை எலும்பு தெரிகிறது. எலும்புக்குள் ஓடி உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு மஞ்சள் கோடாகத் தெரிகிறது. புற்று அரித்த பகுதி சிவப்பில். எங்கே அறுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பச்சைக் கோடு. சர்ஜன் தலையைத் திருப்பினாலும் படம் கூடவே திரும்பிவிடுவதில்லை. நோயாளியின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

சினிமாக் காட்சி அல்ல இது. தலை, கழுத்து அறுவைச் சிகிச்சையில் உலகின் சில பெரிய ஆஸ்பத்திரிகள் சோதித்துவரும் முறை. பெயர் 'ஆக்மென்டட் ரியாலிட்டி'. தமிழில் 'மிகை யதார்த்தம்' என்கிறார்கள். கண்ணை முற்றிலும் மறைத்து வேறோர் உலகத்தைக் காட்டும் விளையாட்டுச் சாதனத்தின் ரகம் அல்ல. எதிரே இருப்பது அப்படியே தெரியும்; அதன் மேல் கம்ப்யூட்டர் தயாரித்த படம் வந்து படியும்.

இதன் வரலாறு பலர் நினைப்பதைவிடப் பழையது. தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சிக் கருவியை அமெரிக்காவின் ஐவன் சதர்லண்ட் 1968-ல் செய்து காட்டினார். விமானத்துக்குள் வயர்களை இணைக்கும் தொழிலாளர்களுக்கு வழிகாட்ட இந்த உத்தி உதவுமா என்று 1990களின் தொடக்கத்தில் யோசித்த போயிங் நிறுவனத்தின் டாம் காடெல், டேவிட் மிஸெல் இருவரால் இந்தப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. மருத்துவர்கள் பெயருக்காகக் காத்திருக்கவில்லை. 1986-லேயே டார்ட்மத்தில் டேவிட் ராபர்ட்ஸ் குழுவினர், மூளை ஆபரேஷனின்போது மைக்ராஸ்கோப்பில் தெரியும் காட்சியின் மீது ஸ்கேன் படத்தைப் படிய வைத்தார்கள்.

ரோன்ட்ஜன் 1895-ல் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த நாளிலிருந்து சர்ஜன்களுக்கு ஒரு சங்கடம் இருந்துவருகிறது. படம் சுவரில், நோயாளி மேஜையில். 1971-ல் சி.டி. ஸ்கேன் வந்த பிறகும் இதில் மாற்றமில்லை. சுவரை ஒரு பார்வை, நோயாளியை ஒரு பார்வை. இரண்டையும் பொருத்திப் பார்ப்பது சர்ஜனின் மூளைக்குள் நடக்கும் வேலை. அனுபவசாலிக்கு அது கைவந்த கலை. புதியவருக்குத் தலைவலி. அந்த வேலையில் ஒரு பகுதியைத்தான் கண்ணாடி ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறது.

தலை, கழுத்துப் பகுதியில் இதற்கு ஏன் இத்தனை மவுசு? வயிற்றில் ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டினால் பெரும்பாலும் தாங்கும். முகத்தில் தாங்காது. ஒரு கைப்பிடி அளவு இடத்துக்குள் பேச்சு, விழுங்கல், மூச்சு, சிரிப்பு எல்லாவற்றுக்குமான நரம்புகளும் தசைகளும் கடைத்தெருக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. வாய்ப் புற்றை அகற்றும்போது கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து, வழக்கமாக ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி எடுக்கிறார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது கட்டிக்கும் வெட்டிய விளிம்புக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீட்டர் நல்ல சதை இருந்தால்தான் திருப்தி. குறைந்தால் நோய் திரும்ப வரும் அபாயம் கூடுகிறது. அதற்குப் பயந்து தாராளமாக வெட்டினால் நோயாளி இழப்பது நாக்கையும் தாடையையும்.

இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு சிக்கலும் உண்டு. வெட்டி எடுத்த துண்டு, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே பரிசோதனைக் கூடத்துக்குப் போகிறது. "பின்பக்க விளிம்பில் இன்னும் புற்று இருக்கிறது" என்று அங்கிருந்து தகவல் வருகிறது. எந்தப் பின்பக்கம்? வெட்டியதும் சதை சுருங்கிவிடுகிறது. வாய்க்குள்ளிருக்கும் குழியும் உருமாறிவிடுகிறது. வாய்மொழியாக வந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ரத்தம் கசியும் குழிக்குள் சரியான இடத்தைத் தேட வேண்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக சர்ஜன்கள் இதற்குத்தான் கண்ணாடியை நாடியிருக்கிறார்கள். வெட்டிய துண்டை முப்பரிமாணத்தில் ஸ்கேன் செய்து, அந்த உருவத்தைக் கண்ணாடி வழியே குழியின் மேலேயே பொருத்திப் பார்க்கும் முயற்சி. சந்தேகமான விளிம்பு துண்டில் எங்கே இருக்கிறதோ, குழியிலும் அதே இடத்தில் ஒளிரும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. எல்லாமே பொருத்தத்தில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்தது போன வாரத்து முகம். மேஜையில் இருப்பது இன்றைய முகம். மண்டையோடு அசையாது, அதனால் அதன் மீது படத்தைப் பொருத்துவது எளிது. கீழ்த்தாடை அசையும் என்பதால் பற்களில் ஓர் அச்சை மாட்டி அதை அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள். நாக்கு? அதற்கு எலும்பே கிடையாது. இழுத்தால் நீளும், தொட்டால் சுருங்கும். நல்ல நிலைமையிலேயே ஒரு மில்லிமீட்டரிலிருந்து சில மில்லிமீட்டர் வரை பிசகு நேர்கிறது. 5 மில்லிமீட்டரில் உயிர் ஊசலாடும் இடத்தில் இது சின்ன விஷயமல்ல. தவிர, இந்தச் சோதனைகள் பலவற்றில் பயன்பட்ட மைக்ரோசாஃப்ட்டின் ஹோலோலென்ஸ் கண்ணாடியின் இரண்டாவது மாடல் 2019-ல் 3,500 டாலர் விலையில் அறிவிக்கப்பட்டது. அதன் தயாரிப்பை 2024-ல் கம்பெனி நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரி ஒரு கருவியை நம்பிக் கற்றுத் தேர்வதற்குள் கடைக்காரர் கடையைக் கட்டிவிடுகிறார்.

இத்தனை மில்லிமீட்டர் கணக்கும் யாருக்காக என்பதற்கு மைசூரில் ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. 2001 பிப்ரவரி 28-ல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்களில் அவரும் உண்டு. பிழைப்புத் தேடி மைசூர் வந்தார். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் வாசலில் இரவுக் காவலர் ஆனார். சுரங்கத்தின் இரவு ஷிஃப்டில் தொற்றிக்கொண்ட புகையிலையும் கூடவே வந்தது. இடது கன்னத்துக்கும் நாக்குக்கும் நடுவில் அடக்கிக்கொண்டால் விடியும்வரை தூக்கம் வராது.

அந்த இடத்தில்தான் புண் வந்தது. முதலில் நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. வலி இல்லை. பல் குத்தியிருக்கும் என்று நினைத்தார். பிறகு காரம் எரிந்தது. மருந்துக் கடையில் தடவ ஒரு ஜெல், விழுங்கச் சத்து மாத்திரை. பெரிய டாக்டரிடம் போக ஒரு நாள் சம்பளம் போகுமே என்று தள்ளிப்போட்டார். எட்டு மாதம் ஓடியது. காதுக்குள் வலி வந்து, கழுத்தில் நெல்லிக்காய் போல ஒரு கட்டி தட்டுப்பட்டபோதுதான் மனைவி விடவில்லை. "என்னங்க, கண்ணாடியில நீங்களே பாருங்க" என்று முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்தார். அதற்குள் புண் நாக்கிலிருந்து இறங்கி வாயின் அடித்தரையைத் தாண்டித் தாடையைத் தொட்டிருந்தது.

நகரின் ஓர் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆபரேஷன் முடிவானது. தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முழங்காலுக்குக் கீழே இருக்கும் மெல்லிய வெளி எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வைத்துத் தைப்பார்கள். நியூயார்க்கில் டேவிட் ஹிடால்கோ 1989-ல் வெளியிட்ட முறை இது. இன்று இந்தியாவின் பெரிய ஊர்கள் பலவற்றில் நடக்கிறது. ஸ்கேனை வைத்து அச்சிட்ட பிளாஸ்டிக் தாடை ஒன்றைச் சர்ஜன் மேஜையில் வைத்து எங்கே அறுப்பார், எங்கே தகடு பொருத்துவார் என்று காட்டினார். கன்னடக்காரர், தமிழும் ஓரளவு பேசுவார். கூட வந்த மகள், செல்போனில் தான் பார்த்த அதிசயக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டாள்.

"அது இங்க இல்லைம்மா" என்றார் டாக்டர். "எனக்கு இந்த விரல்தான். தொட்டுப் பார்த்தா கட்டி எங்க முடியுதுன்னு ஓரளவு தெரியும். எலும்புக்குப் படம் உதவும். நாக்குக்கு விரல்தான்."

அவருக்கு அது புரிந்தது. "எங்க சுரங்கத்துலயும் பிளான் இருக்கும் சார். எந்த மட்டத்துல தங்கம் எப்படி ஓடுதுன்னு கோடு போட்டு வெச்சிருப்பாங்க. ஆனா பாறை ஒரு தடவை அசைஞ்சா அப்புறம் பிளானை மட்டும் நம்பி இறங்க முடியாது. தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்டுத்தான் கால் வெப்போம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா பிளானே இல்லாம இறங்குவீங்களா?"

"மாட்டோம் சார்."

கண்ணாடியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் பக்கம் பக்கமாகச் சொல்வதன் சாரம் இந்த நாலு வரிதான். அது சர்ஜனின் இடத்தைப் பிடிக்கப்போவதில்லை. சுவரில் இருக்கும் பிளானைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கும், அவ்வளவே. ஆனால் அந்த அவ்வளவே, சிலருக்குக் கால் சென்டிமீட்டர் நாக்கை மிச்சப்படுத்தலாம்.

கால் சென்டிமீட்டர் நாக்கின் விலை என்ன? தமிழ் பேசுகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். ட, ண, ள, ழ எல்லாம் நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை நோக்கிப் போனால்தான் பிறக்கும். நாக்கில் ஒரு பகுதி போய், மிச்சமும் தையலில் இழுபட்டால் அந்த வளைவு போய்விடும். ஆபரேஷனும் கதிர்வீச்சும் முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு அவர் பேசுகிறார், பழகியவர்களுக்குப் புரிகிறது. பேத்தியின் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. அவர் கூப்பிட்டால் அது யகரமாக வருகிறது. குழந்தை அதையே தன் செல்லப் பெயர் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. அவர்தான் எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அந்த ஓர் எழுத்துக்காக முயற்சி செய்கிறார். பல்லில் படாமல் விழுங்கும் ராகி முத்தெ அவருக்கு உயிர். விழுங்குவதற்கு உருண்டையை நாக்குதான் பின்னே தள்ள வேண்டும் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. இப்போது ராகிக் கஞ்சி.

பேச்சுக்கும் கேட்டலுக்கும் என்றே 1960களில் மத்திய அரசு தொடங்கிய அகில இந்திய நிறுவனம் இருப்பது இதே மைசூரின் மானச கங்கோத்ரியில். இழந்த பேச்சை மீட்கும் வித்தைக்கு நாட்டில் பெயர் பெற்ற ஊர். அதே ஊர்தான் வெற்றிலைக்கும் பெயர் பெற்றது. மைசூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பாக்கு விளைச்சலில் நாட்டில் கர்நாடகமே முதலிடம். மாவட்டத்தின் ஹுன்சூர், பிரியாபட்டணா, எச்.டி.கோட்டே வட்டாரங்களில் புகையிலை வயல்களும், இலையைப் பதப்படுத்தும் சூளைக் கொட்டகைகளும் கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும். அது சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா ரகம். வாயில் அடக்கும் புகையிலை வேறு. ஆனாலும் இந்தப் பயிரை நம்பிக் கல்யாணமும் கடனும் நடக்கும் வீடுகளில் புகையிலையைப் பற்றிக் கடுமையாகப் பேசுவது யாருக்கும் சுலபமில்லை.

தாம்பூலத்தைக் குறை சொன்னால் பண்பாட்டைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும், பாக்கு தனியாகவே தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கை தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கு போடுகிறவர்களுக்கு வாயின் உள்சதை நார் நாராக இறுகி, வாயே திறக்க முடியாமல் போகும் நோய் ஒன்று உண்டு. 1952-ல் அது முதலில் விவரிக்கப்பட்டபோது நோயாளிகள், கென்யாவில் வசித்த ஐந்து இந்தியப் பெண்கள். கடல் கடந்தும் கூடப் போன பழக்கம். 2013-ல் கர்நாடகமும் தமிழகமும் குட்காவைத் தடை செய்தன. கடைகளில் பான் மசாலா ஒரு பாக்கெட், புகையிலை ஒரு பாக்கெட் என்று பிரித்துத் தொங்கவிட்டார்கள். வாங்குகிறவர் வாயில் கலந்துகொள்கிறார்.

விளைவு கணக்கில் தெரிகிறது. உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2022-ல் இந்தியாவில் புதிதாக உதடு, வாய்ப் புற்று கண்டவர்கள் சுமார் 1.43 லட்சம் பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம். வருகிறவர்களில் பெரும்பாலோர் முற்றிய நிலையில்தான் வருகிறார்கள்.

இங்கேதான் ஒரு விசித்திரம். கணையத்தில் புற்று வந்தால் ஸ்கேன் இல்லாமல் கண்டுபிடிப்பது அரிது. வாய் அப்படியல்ல. வாயைத் திறந்தால் தெரிகிறது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரலை நிமிர்த்தி நுழைக்க முடியாத வாய். இவற்றைக் காண முப்பரிமாணப் படம் தேவையில்லை. டார்ச் லைட் போதும்.

வெறும் வாய்ச்சொல் அல்ல இது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் 13 பஞ்சாயத்துகளைச் சேர்ந்த சுமார் 1.9 லட்சம் பேர் இடம்பெற்றார்கள். பாதிப் பேரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் 2005-ல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் நேரும் சாவு, பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் 34 சதவீதம் குறைவு.

பெங்களூரில் பல் டாக்டர்களும் புற்றுநோய் சர்ஜன்களும் சேர்ந்து இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். கிராமத்து ஊழியர் செல்போனில் வாயைப் படம் பிடித்து அனுப்ப, நகரத்து நிபுணர் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு. சர்ஜன் மாட்டும் கண்ணாடிக்கு இது ஏழைத் தம்பி. ஆனால் எட்டு மாதம் முன்னால் வந்து நிற்கும் தம்பி.

முப்பதிலிருந்து அறுபத்தைந்து வயது வரையுள்ள எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை என்று மத்திய அரசு 2016-லேயே வழிமுறை வகுத்துவிட்டது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில் 30-லிருந்து 49 வயது வரையுள்ளவர்களிடம் "எப்போதாவது வாய்ப் புற்றுக்காகப் பரிசோதனை செய்துகொண்டதுண்டா?" என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள், பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம். நூறு பேரில் ஒருவர். மீதி 99 பேரின் வாய்க்குள் யாரும் பார்க்கவில்லை.

இதற்காக சர்ஜனின் கண்ணாடி வேண்டாம் என்று ஆகிவிடாது. நோய் முற்றி வருகிறவர்களுக்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேசும் எழுத்து, விழுங்கும் கவளம். அவர்களுக்கு எத்தனை நுட்பமான கருவி வந்தாலும் தகும். மருத்துவக் கல்லூரிகள் அதைக் கற்றுக்கொள்ளட்டும், விலை குறையட்டும், நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் வரட்டும். ஆனால் மூடிய கன்னத்தை ஊடுருவிப் பார்க்கக் கோடிகள் செலவிடும் உலகம், திறந்த வாயைப் பார்க்க இரண்டு நிமிடம் ஒதுக்க மறந்தால், அந்தக் கண்ணாடிக்கு வேலை குறையவே குறையாது.

முன்னாள் சுரங்கத் தொழிலாளி மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். நிர்வாகம் பகல் ஷிஃப்ட் கேட்டால் தருவதாகச் சொன்னது; அவர் பழகிய இரவையே கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் இப்போது அவரோடு நிற்பது இருபத்தைந்து வயதுப் பையன். பான் மசாலாவும் புகையிலையும் தனித்தனிப் பாக்கெட்டில் வாங்கி உள்ளங்கையில் கலக்கிறவன். அவனுக்கு இவர் உபதேசம் எதுவும் செய்வதில்லை. பேச்சு அதிகம் வராது என்பதும் ஒரு காரணம். மாதத்தில் ஒரு நாள், சம்பளத் தேதியில், காவலுக்குக் கொடுத்த டார்ச்சை அவன் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். "வாயைத் திற தம்பி" என்கிறார். பையன் சிரித்துக்கொண்டே திறக்கிறான். இடது கன்னம், வலது கன்னம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடியில். விளக்கை அணைக்கும்வரை இவர் சிரிப்பதில்லை.